பழைய மீன் தொட்டி: பின்கண்ணாடியில் இருக்கும் நீல பெயின்ட்டை உரிப்பது எப்படி?

#1 நெத்திலி72

செகண்ட் ஹேண்ட் தொட்டி. 4 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம். 8 மி.மீ. கண்ணாடி, கடையிலேயே வெட்டி ஒட்டியது, பிளாஸ்டிக் பிரேம் கிடையாது, மேலே சுற்றிலும் 2 அங்குலப் பட்டை. பின்கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க நீல பெயின்ட், பிரஷ்ஷால் அடித்தது. என்ன பெயின்ட் என்று விற்றவருக்கும் தெரியவில்லை. பல இடத்தில் உப்பியிருக்கிறது. தண்ணீர் ஊற்றி உள்ளிருந்து பார்த்தால் அந்த இடமெல்லாம் வெள்ளித் திட்டாக மின்னுகிறது.

எனக்குக் கறுப்புப் பின்னணி வேண்டும். இதன் மேலேயே கறுப்பு அடித்துவிடலாமா, உரித்தே ஆக வேண்டுமா? உரிப்பதென்றால் தின்னரா, பிளேடா? கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசைக்கு ஏதும் ஆகுமா?

#2 கண்ணாடிக்கடை

தம்பி, மேலே அடிப்பது வீண். சுவரில் கடைசியாக அடித்த கோட்டிங்தான் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடியில் முதலில் அடித்ததுதான் தெரியும், ஏனென்றால் நாம் பார்ப்பது மறுபக்கத்திலிருந்து. நீலத்தின் மேல் எத்தனை கறுப்பு அடித்தாலும் உள்ளிருந்து நீலம்தான். பின்னாலிருந்து வெளிச்சம் வராததால் கொஞ்சம் கருநீலமாகத் தெரியும், அவ்வளவே. உரிந்த இடத்தில் மட்டும் கறுப்பு ஏறி, நீலச் சுவரில் கறுப்புத் தேமல் மாதிரி நிற்கும்.

அந்த வெள்ளித் திட்டு, பெயின்ட் கண்ணாடியை விட்டுப் பிரிந்துவிட்டதற்கான அடையாளம். நடுவில் காற்று புகுந்துவிட்டது. தண்ணீர் வழியாகச் சாய்வாக வரும் வெளிச்சம் அந்தக் காற்றைத் தொட்டதும் முழுசாகத் திரும்பிவிடும், அதனால்தான் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. இது பரவும், குறையாது. உரித்துவிடுங்கள்.

#3 கொளத்தூர்_குரு

இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா ப்ரோ. பனியன் வேஸ்ட்டை என்.சி. தின்னரில் நனைத்து பெயின்ட் மேல் பரப்பி, பிளாஸ்டிக் கவரைப் போட்டு மூடுங்க. 10 நிமிஷம். பட்டி பார்க்கிற தகட்டால் ஒரே தள்ளு, மொத்தமா வந்துடும். பழைய தொட்டியை மறுபடி விற்கிற இடத்தில் எல்லாம் இப்படித்தான் பண்றாங்க.

#4 வேதிமேடை

குரு சொல்வது வேகமான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒட்டி முடித்த தொட்டியில் அதைச் செய்யக்கூடாது. தனிக் கண்ணாடித் தகட்டில் செய்யலாம்.

என்.சி. தின்னரில் டொலுயீன், சைலீன் வகைக் கரைப்பான்கள் கணிசமாக இருக்கும். காய்ந்த சிலிக்கானை இவை கரைக்காது. ஆனால் சிலிக்கான் இவற்றைக் குடித்து நன்றாக உப்பும். உப்பிய சிலிக்கான் கண்ணாடியோடு ஒட்டிய விளிம்பில் இழுவிசை ஏறும், அங்கே பிடி விடும். கரைப்பான் ஆவியானதும் சிலிக்கான் பழைய அளவுக்குச் சுருங்கி, பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். கசிவு தெரிவது தண்ணீர் நிரப்பிய பிறகுதான். 4 அடித் தொட்டியில் ஏறக்குறைய 250 லிட்டர் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

டர்பன்டைன், மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் இதே கணக்கில்தான் வரும். 'பெயின்ட் ரிமூவர்' என்று வரும் டப்பாக்களில் டைகுளோரோமீத்தேன் இருந்தால் இன்னும் மோசம். அது சிலிக்கானையும் உப்ப வைக்கும், மெல்லிய கையுறையைச் சில நிமிடத்தில் ஊடுருவும், மூடிய அறையில் அதன் ஆவி உயிருக்கே ஆபத்து. அசிட்டோன் சிலிக்கானை அவ்வளவாகத் தொடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அதைவிடச் சாது.

எதை எடுப்பதற்கு முன்னும் அது என்ன பெயின்ட் என்று பார்த்துவிடுங்கள். மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, பெயின்ட்டின் ஒரு மூலையில் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் நிறம் இறங்கி, மேற்பரப்பு பிசுபிசுத்தால் தண்ணீர் கலக்கும் எமல்ஷன். ஒன்றுமே ஆகாமல் பளபளப்பாகவே இருந்தால் எண்ணெய் அடிப்படையிலான சிந்தெடிக் எனாமலாக இருக்கும். பிறகு இன்னொரு மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன் வையுங்கள். உடனே கரைந்து வழிந்தால் ஸ்ப்ரே டப்பாவில் வரும் அக்ரிலிக் லாக்கர். சுருங்கி, தோல் மாதிரி மடிந்தால் எனாமல்.

எமல்ஷன் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டால் பாலாடை போலத் தாள் தாளாக உரியும். எனாமல் அப்படி வராது. அது காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகும் பொருள். அடித்த பிறகும் வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும், அதனால் பழசாக ஆக, நொறுங்கும் தன்மை கூடும்.

#5 கண்ணாடிக்கடை

எந்தப் பெயின்ட்டாக இருந்தாலும் முதல் ஆயுதம் பிளேடும் சோப்புத் தண்ணீரும்தான். எண்பது சதவீத வேலை அதிலேயே முடிந்துவிடும். முறையைச் சொல்கிறேன்.

தொட்டியை முழுசாகக் காலி செய்யுங்கள். மணல் ஒரு மணிகூட இருக்கக்கூடாது, உள்ளேயும் சரி வெளியேயும் சரி. இந்த அளவுக்கு 8 மி.மீ. தொட்டி வெறுமனே 42 கிலோ வரும், மேல் பட்டையோடு இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டு பேர் இல்லாமல் தூக்காதீர்கள். மேல் பட்டையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, அடியில் கை கொடுக்க வேண்டும். சமமான தரையில் 20 மி.மீ. தெர்மாகோல் பரப்பி, முன்கண்ணாடி கீழே இருக்கும்படி தொட்டியைக் குப்புறப் படுக்க வையுங்கள். இப்போது பின்கண்ணாடி மேஜை மாதிரி மேலே கிடக்கும். நிற்க வைத்துச் சுரண்டினால் தண்ணீர் நிற்காது, கையும் சாயும். மொட்டை மாடி வெயிலில் செய்யாதீர்கள். சோப்புத் தண்ணீர் இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும், காய்ந்த கண்ணாடியில் பிளேடு ஓட்டினால் கோடு நிச்சயம்.

அடுத்து, நாலு ஓரத்திலும் கண்ணாடி சேரும் இடத்திலிருந்து அரை அங்குலம் விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டேப்புக்கு வெளியே இருக்கும் பட்டையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

பிளேடுக்கு ஒற்றை முனை பிளேடு மாட்டும் ஸ்கிரேப்பர் வாங்குங்கள். கண்ணாடிக் கடையிலும் ஸ்டிக்கர் கடையிலும் கிடைக்கும். அது இல்லையென்றால் 18 மி.மீ. கட்டர் பிளேடைக் கைப்பிடியோடு வைத்துச் சமாளிக்கலாம், மெதுவாகப் போகும். ஷேவிங் பிளேடு வளையும், கையை அறுக்கும், வேண்டாம். பட்டித் தகடு தடிமன் அதிகம், முனையில் கூர் கிடையாது. அது பெயின்ட்டின் மேலே சறுக்கும், நாம் அழுத்துவோம், அழுத்தினால் கீறும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு தேக்கரண்டி. ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றித் தாராளமாக அடியுங்கள். பிளேடை 30 டிகிரி சாய்வில், உங்களிடமிருந்து விலகும் திசையில் மட்டும் தள்ளுங்கள். ஒரு தள்ளு 10, 15 செ.மீ. போதும். பின்னுக்கு இழுக்கும்போது பிளேடைத் தூக்கிவிட வேண்டும். இங்கேதான் நிறைய பேர் கண்ணாடியைக் கெடுப்பது. முன்னே தள்ளும்போது வழியில் வரும் தூசியைப் பிளேடு ஒதுக்கிவிடும். பின்னே இழுத்தால் அடியில் சிக்கிய துகளை அது கண்ணாடி நெடுக உழுதுகொண்டு வரும். கண்ணாடியைக் கீறுவது பெரும்பாலும் இரும்பு அல்ல, இடையில் மாட்டும் மணல்தான்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள். சரியாகப் போகும் பிளேடு சீராக 'சர்ர்' என்று போகும். கரகரப்பு கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி, பிளேடைத் துடைத்து, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் தொடருங்கள். முனையில் பல் விழுந்த பிளேடைத் தூர எறியுங்கள். 10 பிளேடு உள்ள பெட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, சிக்கனம் பார்க்காமல் மாற்றுங்கள். துருப்பிடித்ததைத் தொடவே வேண்டாம்.

ஓரப் பட்டைக்கு வேறு கணக்கு. அங்கே பிளேடு எப்போதும் இணைப்புக்கு இணையாகத்தான் ஓட வேண்டும், இணைப்பை நோக்கித் தள்ளக்கூடாது. உங்கள் தொட்டியில் பக்கக் கண்ணாடியின் முனையும் பின்கண்ணாடியும் சேரும் இடத்தில் சிலிக்கான் கோடு வெளியே தெரியும். பிளேடு முனை அதில் அரை மி.மீ. இறங்கினாலும் வெட்டு வெட்டுதான். கடைசி 3 மி.மீ.-ஐ ஏ.டி.எம். கார்டு, ஐஸ் குச்சி, மூங்கில் சீவல் இவற்றால் எடுங்கள். சிலிக்கான் மேலேயே பெயின்ட் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டினாலே உதிரும், சிலிக்கானில் எந்தப் பெயின்ட்டும் உறுதியாகப் பிடிக்காது. உதிராதது இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அழகுக்காக ஒட்டுப் பகுதியைக் குடையாதீர்கள்.

#6 தஞ்சை_ராணி

அண்ணா, ஒரு சந்தேகம். டெம்பர்டு கண்ணாடியில் பிளேடு போடக்கூடாது என்று கண்ணாடி துடைக்கும் ஆட்கள் சொல்வார்கள். அது உண்மையா? இன்னொன்று, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதாதா? எனாமல் சுரண்டிச் சுரண்டிக் கை வலிக்கும்.

#7 வேதிமேடை

உண்மைதான் மேடம். கண்ணாடியை உலையில் சூடாக்கி டெம்பர் செய்யும்போது நுண்ணிய கண்ணாடித் துகள்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டி இறுகிவிடுவது உண்டு. பிளேடு அவற்றைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு போகும், கற்றை கற்றையாகக் கீறல் விழும். கடையிலேயே வெட்டி ஒட்டிய தொட்டியில் அநேகமாக இந்தக் கவலை இல்லை. டெம்பர் செய்த கண்ணாடியை வெட்டவே முடியாது, தூளாகிவிடும். கம்பெனித் தொட்டிகளில் அடிக்கண்ணாடி டெம்பர்டாக இருப்பதுண்டு, பின்கண்ணாடி அப்படி இருப்பது குறைவு.

சோதிக்க வழி உண்டு. உள்ளங்கை அளவு பெயின்ட்டை எடுத்ததும், அந்த ஜன்னலுக்குப் பின்னால் லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கூலிங் கிளாஸைத் திருப்பத் திருப்ப ஒரு கட்டத்தில் திரை இருண்டுவிடும். இருட்டு சீராக இருந்தால் சாதாரணக் கண்ணாடி. வெளிறிய பட்டைகளோ புள்ளிகளோ தெரிந்தால் டெம்பர்டு. அப்படியிருந்தால் இரும்பு பிளேடை வைத்துவிட்டு பிளாஸ்டிக் பிளேடும் ஊறவைப்பும் மட்டும்.

பச்சை நாரில் அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்திருக்கும், அது கண்ணாடியைவிடக் கடினம். தேய்த்த இடம் வெயிலில் பார்த்தால் மங்கலாக இருக்கும். வெள்ளை நார் பரவாயில்லை.

#8 நெத்திலி72

சோதித்துப் பார்த்தாயிற்று. ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை, அசிட்டோனுக்குத் தோல் மாதிரி மடிந்தது. எனாமல்தான். கூலிங் கிளாஸில் சீரான இருட்டு, டெம்பர் இல்லை. உப்பிய இடங்களில் பிளேடுக்குச் சுலபமாக வந்துவிட்டது. நடுவில் இரண்டு அடி நீளத்துக்குப் பிடிவாதமாக நிற்கிறது, பொடிப் பொடியாகத்தான் வருகிறது. ஹீட் கன் காட்டலாமா?

#9 வேதிமேடை

ஹீட் கன் வேண்டாம். சாதாரணக் கண்ணாடியில் ஒரு இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் ஏறக்குறைய 40 டிகிரி வித்தியாசம் வந்தாலே விரிசல் விடக்கூடும். ஹீட் கன் நூற்றுக்கணக்கான டிகிரியை ஒரே புள்ளியில் கொட்டும். விரிசல் எப்போதும் ஓரத்திலிருந்து கிளம்பும், அங்கே வெட்டும்போது விழுந்த சிறு சிறு உடைப்புகள் ஏற்கெனவே இருக்கும். தலைமுடி காயவைக்கும் டிரையர் வினைல் ஸ்டிக்கருக்குச் சரி, எனாமலுக்குப் போதாது.

எனாமலின் பலவீனம் காரம். எண்ணெய் அடிப்படையில் ஆனது என்பதால் காரம் பட்டால் உள்ளே சோப்பாக மாறி இளகும். பூசிய புது சிமெண்ட் மேல் எனாமல் அடித்தால் உரிந்து வருவதும் இதனால்தான். ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சலவை சோடாவைக் கரையுங்கள். சமையல் சோடா வேண்டாம், அதன் காரம் போதாது. கை பொறுக்கும் சூடு போதும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மறுபடி விரிசல் கதைதான். பழைய பருத்தித் துணியை அதில் நனைத்து, வழியாத அளவுக்குப் பிழிந்து, பெயின்ட் மேல் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு ஓரங்களில் அழுத்திவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்கவும். பெயின்ட் நகத்துக்கு இளகினால் பிளேடை எடுக்கலாம், இல்லையென்றால் துணியை மறுபடி நனைத்துப் போடவும். பழைய எனாமல் இரண்டு மூன்று சுற்று கேட்கும். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியம் ஸ்டாண்டு மேல் சொட்ட விடாதீர்கள், அரிக்கும்.

காஸ்டிக் சோடா இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும் என்று யாராவது சொல்வார்கள். செய்யும். தோலையும் கண்ணையும் சேர்த்துச் செய்யும், நெடுநேரம் விட்டால் கண்ணாடியையும் மங்க வைக்கும். வீட்டு வேலைக்கு அது தேவையில்லை.

பொடியாக வருகிறது என்றதால் இன்னொரு விஷயம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை)த் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நீல நிறம் என்பதால் இல்லை என்று சொல்ல முடியாது, உலர்த்துவதற்காகச் சேர்க்கும் பொருளிலும் ஈயம் வரும். ஆகவே உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்ப்பது கூடவே கூடாது. எப்போதும் ஈரமாகச் சுரண்டுங்கள். செதில்களை ஈரத்துணியில் வழித்து, ஒரு கவரில் கட்டிப் போடுங்கள். செடித் தொட்டியிலோ கழிவுநீர்க் குழியிலோ தட்டிவிடாதீர்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

#10 கொளத்தூர்_குரு

சலவை சோடா சரி, அது எனாமலுக்கு. ஸ்ப்ரே பெயின்ட்டுக்கு அது ஒண்ணும் பண்ணாது, அங்கே அசிட்டோன் இல்லாம முடியாது. இதையும் எழுதி வைங்க, அப்புறம் வர்றவங்க ஸ்ப்ரே மேல் துணியைப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பாங்க.

#11 வேதிமேடை

நியாயம். அக்ரிலிக் ஸ்ப்ரேக்கு அசிட்டோன்தான். ஊற்றாமல், துணியில் நனைத்து, ஒரு அடிக்கு ஒரு அடி பகுதியாக, நடுவிலிருந்து தொடங்கித் துடையுங்கள். ஓரத்தை நோக்கித் துடைத்தால் கரைந்த பெயின்ட் குழம்பு சிலிக்கான் இடுக்கில் போய் நிற்கும், பிறகு எடுக்க முடியாது. துணியை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லையென்றால் எடுத்த பெயின்ட்டையே திரும்பப் பூசிக்கொண்டிருப்போம். நீல நிற நைட்ரில் கையுறை அசிட்டோனில் சீக்கிரம் இளகும், அது நனைந்ததும் மாற்றுங்கள். ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தீப்பிடிக்கும், பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது.

#12 கோவை_குப்பி

நல்லா விளக்கமா போகுதுங்க. என் கேள்வி வேற. 2 அடி தொட்டி ஒண்ணு, யாரோ உள்பக்கமே பச்சை பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க, மூலை சிலிக்கான் மேலயும் சேர்த்து. அதையும் இதே மாதிரி எடுத்துட்டு மீன் விடலாங்களா? அப்புறம் அது கண்ணாடியா அக்ரிலிக்கான்னு எப்படி உறுதி பண்றதுங்க?

#13 கண்ணாடிக்கடை

முதலில் இரண்டாவது கேள்வி. வெட்டு ஓரத்தைப் பாருங்கள், பச்சை தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடி. விரல் முட்டியால் தட்டினால் கண்ணாடி கணீர் என்னும், அக்ரிலிக் தொப் என்னும். தொட்டால் கண்ணாடி சில்லென்று இருக்கும். அக்ரிலிக் என்றால் மேலே சொன்ன பிளேடு, அசிட்டோன், ஸ்பிரிட் மூன்றையும் மறந்துவிடுங்கள். பிளேடு கீறும், அசிட்டோன் கரைக்கும், ஸ்பிரிட் பட்ட சில நாளில் மயிரிழை விரிசல் வலை வலையாகக் கிளம்பும். சோப்புத் தண்ணீரும் பிளாஸ்டிக் கார்டும்தான் கதி.

உள்பக்க பெயின்ட்டைக் கண்ணாடிப் பரப்பிலிருந்து எடுத்துவிடலாம், சலவை சோடாவும் பிளேடும் போதும். பிரச்சினை மூலைதான். அங்கே இருக்கும் சிலிக்கான்தான் உள் முத்திரை. அதன் மேல் ஏறிய பெயின்ட் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு நாளடைவில் தண்ணீரில் உதிரும். சுரண்டி மீள முடியாது. நாலு மூலை, அடி நாலு ஓரம், எல்லாவற்றிலும் உள் சிலிக்கானை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். துண்டு துண்டாகப் பழசை விட்டுவிட்டு மேலே போடாதீர்கள், காய்ந்த பழைய சிலிக்கானில் புதுசு ஒழுங்காகப் பிடிக்காது. கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய ஒட்டைத் தொடாமல், உள் வளைவை மட்டும் எடுங்கள். சிலிக்கான் வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாகப் பாருங்கள், பாத்ரூமுக்கென்று விற்பது மீனுக்கு ஆகாது. புளிக்காடி வாசம் முழுசாகப் போகும்வரை, ஒரு வாரமாவது விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

2 அடி தொட்டிக்கு இவ்வளவு மெனக்கெடுவது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் அதைச் செடி வளர்க்க வைத்துக்கொண்டு புதுசு வாங்குவேன்.

#14 தஞ்சை_ராணி

மீனோடு ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில், சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி இருந்தால், பின்னால் கை விட்டுச் சுரண்டலாமா?

#15 வேதிமேடை

வெறும் சோப்பில்லாத தண்ணீரும் பிளாஸ்டிக் தகடும் என்றால் மட்டும். எந்தக் கரைப்பானும், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு திரவமும் வேண்டாம், காற்றுப் பம்ப் அந்த ஆவியை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடும். இரும்பு பிளேடை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிரம்பிய தொட்டியில் கண்ணாடி வெளிப்பக்கமாக மெல்லிசாக வளைந்திருக்கும், அதனால் நடுப்பகுதியின் வெளிமுகம் இழுவிசையில் இருக்கும். ஆழமான கீறல் அங்கே விழுவது மற்ற இடத்தில் விழுவதைவிட ஆபத்து.

#16 நெத்திலி72

சலவை சோடா வேலை செய்தது. பெயின்ட் முழுக்கப் போய்விட்டது. இப்போது மூன்று விஷயம் மீதி: வெளிச்சத்தில் லேசான நீல மங்கல், மேல் பக்கமாக நீள நெடுக ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் நாலைந்து கீறல்.

#17 கண்ணாடிக்கடை

நீல மங்கல் என்பது மெல்லிய எனாமல் படலம். பிளேடு மேலே சறுக்கிப் போயிருக்கும். துணியில் அசிட்டோன் நனைத்து வட்டமாகத் துடையுங்கள், ஓரத்தில் மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கை சானிட்டைசரை அதற்குப் பதிலாக எடுக்காதீர்கள், கிளிசரின் படலம் விட்டுவிடும், புது பெயின்ட் பிடிக்காது.

வெள்ளைக் கோடு பழைய தண்ணீர் மட்டத்தில், உள்பக்கம் இருக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் சுண்ணாம்பு உப்பு. போர் தண்ணீர் ஊரில் இது சகஜம். வெள்ளை வினிகரில் நனைத்த துணியை அரை மணி போட்டு, பிறகு பிளேடு. கழிவறை ஆசிட் வேண்டாம், வேலைக்கு மிஞ்சிய ஆயுதம் அது. வினிகருக்கும் அசையாமல் வழவழப்பாக, சாய்த்துப் பார்த்தால் வானவில் நிறம் அடித்தால் கண்ணாடியே அரித்துவிட்டது என்று பொருள், அது போகாது. தண்ணீர் நிரப்பினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கீறலில் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வெளிப்பக்கம் கறுப்பு ஏறியதும் கண்ணில் படாது. சிக்கினால் சீரியம் ஆக்சைடு பொடியும் ஃபெல்ட் சக்கரமும் வைத்து மெருகேற்றலாம் என்பார்கள். மணிக்கணக்கில் நனைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும், ஒரே இடத்தில் நின்றால் சூடாகி விரியும், முடிவில் அந்த இடம் குழிந்து லென்ஸ் மாதிரி காட்டும். பின்கண்ணாடிக்கு அது தேவையில்லாத வேலை. நகம் ஆழமாக இறங்கும் கீறல் என்றால் மெருகுக்கும் வேலை இல்லை, அந்தக் கண்ணாடியையே மாற்ற யோசியுங்கள்.

#18 கொளத்தூர்_குரு

புதுசா அடிக்கும்போது எனாமல் பக்கம் போகாதீங்க ப்ரோ, அடுத்த தடவை மறுபடி இதே கூத்து. வெளிச்சுவருக்கு அடிக்கிற அக்ரிலிக் எமல்ஷன், மேட் கறுப்பு, 200 மி.லி. டப்பா ஒண்ணு உங்க அளவுக்கு மூணு கோட்டிங் வரும். 4 அங்குல ஸ்பாஞ்ச் ரோலர், பிரஷ் வேணாம். முதல் கோட்டிங் பார்க்கச் சகிக்காது, கோடு கோடா, ஓட்டை ஓட்டையா இருக்கும். பயந்து மறுபடி மறுபடி உருட்டினா அரைகுறையா காய்ஞ்சது உருண்டு வரும். விட்டுட்டு ரெண்டு மூணு மணி கழிச்சு அடுத்தது அடிங்க. மூணாவது காய்ஞ்சதும் பின்னாலேருந்து மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க, வெளிச்சம் கசியற இடத்தில் மட்டும் டச்சப். மாஸ்கிங் டேப்பைக் கடைசி கோட்டிங் ஈரமா இருக்கும்போதே எடுத்துடணும், காய்ஞ்சப்புறம் இழுத்தா தோலோட சேர்ந்து கிழியும்.

#19 வேதிமேடை

அடிக்கும் முன் ஒரு சோதனை. கண்ணாடியை நிமிர்த்திச் சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெயோ சிலிக்கான் பூச்சோ இருக்கிறது, பெயின்ட் அந்த இடத்திலிருந்துதான் முதலில் உரியும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வைத்த தொட்டி என்றால் சென்னைப் புழுக்கத்தில் வெளிக்கண்ணாடி வியர்க்கும், புது எமல்ஷன் அதில் ஊறி எழும்பும். அவர்கள் ஒரு வாரம் காயவிட்டுத் தண்ணீர் நிரப்புவது நல்லது.

#20 தஞ்சை_ராணி

பெயின்ட்டே வேண்டாம் என்பவர்களுக்குக் கறுப்பு வினைல் ஸ்டிக்கர் உண்டே. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்துவிட்டால் குமிழி நிற்காது. எடுக்கும்போது டிரையரால் சூடு காட்டி மெதுவாக மடித்து இழுத்தால் வந்துவிடும். மிஞ்சும் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வெறும் கறுப்பு அட்டையை டேப் போட்டு ஒட்டினால் மட்டும் #2-இல் சொன்ன வெள்ளி மினுமினுப்பு முழுப் பரப்புக்கும் வரும். பிளாஸ்டிக் ஷீட்டாக இருந்தால் நடுவில் கிளிசரின் மெல்லிசாகத் தடவி ஒட்டுங்கள், காற்று போய்விடும். சமையல் எண்ணெய் தடவினால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்.

#21 நெத்திலி72

எமல்ஷனே அடிக்கிறேன். கடைசிக் கேள்வி: ஓரத்தில் கொஞ்சம் அசிட்டோன் பட்டுவிட்டது, சிலிக்கானை எப்படி நம்புவது?

#22 கண்ணாடிக்கடை

பெயின்ட் அடிக்கும் முன்பே கசிவு பார்த்துவிடுங்கள் தம்பி, அடித்த பிறகு சிலிக்கான் கோடு கண்ணில் படாது. ஒரு நாள் காற்றாட விட்டு, ஓரத்தில் முகர்ந்து பார்த்து, வாடை இல்லை என்றானதும் ஸ்டாண்டு மேல், ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்துத் தொட்டியை வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அடி ஓரம் நெடுக டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் முக்கால், பிறகு முழுசு. முழுத் தண்ணீரோடு இரண்டு நாள் நிற்கட்டும். பக்கவாட்டு இணைப்பில் முன்பு இல்லாத வெள்ளைக் குமிழியோ, கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் நடுவே மினுங்கும் புள்ளியோ புதிதாகத் தெரிந்தால் நிரப்புவதை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துப் போடுங்கள். பெயின்ட் அடிக்கும்போது ஓரத்தில் 3 மி.மீ. விட்டு அடித்தால் நல்லது, அந்தக் கோடு எப்போதும் கண் பார்வையில் இருக்கும்.